இரண்டு வீட்டுப் பூனையின் உதடு

துரையின் மேலுதட்டில் முதல்முறை புண் வந்தபோது, எலி கடித்திருக்கும் என்றார் என் கணவர். எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற பூனை அது. அதைத் தேடிவந்து உதட்டில் கடிக்க எந்த எலிக்கு நேரமிருக்கிறது என்று கேட்டேன். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்வது அந்தக் குடும்பத்து ஆண்களின் பிறவிக் குணம்.

மேலுதட்டின் ஓரத்தில், கோரைப்பல் உரசுகிற இடத்தில், தோல் உரிந்து சிவந்திருந்தது. விளிம்பு தடித்து நடுவில் குழி விழுந்திருந்தது. வலித்த மாதிரியும் தெரியவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டான், தூங்கினான், அளவு குறைக்கச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன கால்சட்டை மேல் படுத்து அதை முடியால் நிரப்பினான். நான் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். துணியிலிருந்து பூனை முடியைப் பொறுக்கியே என் பாதிப் பிழைப்பு போய்விடும். ஒரு பக்கமாகப் பார்த்தால் உதடு வீங்கி, யாரையோ நக்கலடிக்கிற முகம் மாதிரி இருந்தது. சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரை என் பூனை. மழையில் நனைந்து என் வாசலில் வந்து நின்ற குட்டியைத் தூக்கித் துடைத்து, துணி வெட்டும் மேசைக்கடியில் படுக்க வைத்தவள் நான். மேல்மாடியில் இதே பூனைக்குப் பஞ்சு என்று ஒரு பெயர் உண்டு என்பதும், அங்கே அவனுக்குத் தனித்தட்டு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். மேல்மாடியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். காலையில் கீழே தூங்குவான், சாயங்காலம் படியேறிப் போவான், ராத்திரி இறங்கி வருவான். அவனை யார் தடுக்க முடியும். எனக்கும் என் ஓரகத்திக்கும்தான் பேச்சு கிடையாது, பூனைக்கு யாரோடும் சண்டையில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் என் மகள். வெளியூரில் வேலை கிடைத்து, கையெழுத்துப் போட்டு, பயணச்சீட்டும் எடுத்துவிட்டாள். பெட்டியைக் கீழே இறக்கிய அன்றுதான் பெற்றவளுக்குத் தெரிந்தது. ஆனால் மேலே இருக்கிற சித்திக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். "சொல்ல வேண்டாம்னு கெஞ்சினா அக்கா, நான் என்ன பண்றது" என்றாள். என்ன பண்ணுவதா? படியிறங்கி வந்து சொல்வது. அன்று என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் அழவுமில்லை, திருப்பித் திட்டவுமில்லை, ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு சரி.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கண்ணாடி வெட்டும் கடை நடத்துகிறார்கள். ஆளுயரக் கண்ணாடியை ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் தெருவைக் கடந்துவிடுவார்கள். எங்கள் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வீட்டுப் பேச்சு கடைக்கு வரக்கூடாது, கடையில் பேசியது வீட்டுக்குப் போகக்கூடாது. பெண்கள் சண்டையில் கடை உடைந்துவிடக்கூடாதாம். ஊமைக் கோட்டான்களுக்கு இதற்காவது மூளை வேலை செய்ததே என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைவீதியில் ஒரு விலங்கு டாக்டர் இருக்கிறார். கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், முடியைக் கோதி உண்ணி இருக்கிறதா என்று தேடினார்.

"கடி எல்லாம் இல்லம்மா. இதோட உடம்புக்கு ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. உடம்பே தன்னோட உதட்டைத் தாக்குது" என்றார்.

"எது ஒத்துக்கல?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். சாப்பாடா இருக்கலாம், பூச்சிக்கடியா இருக்கலாம், தூசியா இருக்கலாம். இப்போதைக்கு ஊசி போடறேன், ஆறிடும். ஆனா திரும்ப வரலாம்."

ஆறியது. உதடு பழையபடி அழகாக வந்துவிட்டது. பிறகு திரும்ப வந்தது. திரும்ப ஊசி, திரும்ப ஆறியது. மூன்றாவது முறை நாக்கின் ஓரத்திலும் ஒரு சிவந்த தடிப்பு. சாப்பிடும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்து மென்றான். அவன் மெல்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் இந்த முறை ஊசியோடு விடவில்லை. சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதோடு ஒரு தனித் தீனிப் பொட்டலம். "இரண்டு மாசம் இது மட்டும்தான். ஒரு வாய் கூட வேற எதுவும் போகக்கூடாது. போனா மொத்தமும் வீண். எது ஒத்துக்கலன்னு தெரியாமலே போயிடும்" என்றார்.

ஒரு வாய் கூட வேறு எதுவும் போகக்கூடாது என்றால் முதலில் மேல்மாடிக் கதவை மூட வேண்டும். மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா, இறங்கி வரும்போதே அவன் வாயில் மீன் வாசம் அடிக்கும். நான் போய்ச் சொல்வேனா? மாட்டேன். கணவரிடம் சொன்னேன்.

"உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. அவங்க வீட்டுல பூனைக்கு எதுவும் போடக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"ம்" என்றார்.

அந்த வீட்டில் பிறந்தவர்களின் 'ம்' எப்படிப்பட்டது என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் நான் கற்றுக்கொள்ளவில்லை. சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், முடியாது என்றும் வைத்துக்கொள்ளலாம், காதில் விழவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் சரி என்று வைத்துக்கொண்டேன்.

மாத்திரை கொடுப்பது பெரிய யுத்தம். துண்டில் சுற்றி மடியில் இறுக்கி, தாடையைப் பிடித்தால் போதும், நாலு காலிலும் நகம் வெளியே வந்துவிடும். முழங்கைவரை கீறல். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெல்லக் கேட்டாள். பூனை என்றேன். அவள் நம்பவில்லை.

அப்படியும் விடாமல் கொடுத்தேன். உதடு ஆறவும் செய்தது. ஆனால் துரை மாறிப்போனான். தண்ணீர்க் கிண்ணம் வைத்த வேகத்தில் காலியாகும். குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடித்தான். மண் தட்டு எந்நேரமும் ஈரம். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பை மாதிரி தொங்கியது. மேசை மேல் ஒரே தாவாகத் தாவுகிறவன், நாற்காலியில் ஏறி, நின்று, யோசித்து, பிறகு ஏறினான்.

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"சர்க்கரை ஏறியிருக்கு. ரொம்ப ஏறியிருக்கு. இந்த மருந்தை நிறைய கொடுத்தா இப்படி வரும். ஆனா நான் கொடுத்த அளவுக்கு இது வரக்கூடாதே. வேற எங்கயாவது ஊசி போட்டீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களை நம்பித்தானே வந்தேன். நான் என்ன ஊர் ஊரா பூனையைத் தூக்கிட்டு அலையறேனா?"

அவர் கோபப்படவில்லை. துரையின் தோளுக்குப் பின்னால் முடியைப் பிரித்துக் காட்டினார். கிள்ளினால் கையோடு வந்துவிடுகிற மாதிரி தோல் மெலிந்து, அங்கங்கே ஊசி போட்ட தழும்பு. "இந்தப் பக்கம் நான் எப்பவுமே போடறதில்லம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு மேல்மாடி ஞாபகம் வந்தது.

"வீட்டுக்குப் போய் விசாரிங்க" என்றார். "திடீர்னு நிறுத்தவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். சர்க்கரைக்குக் காலையும் சாயங்காலமும் ஊசி போடணும். மாத்திரை குறைஞ்சா சர்க்கரையும் அடங்க வாய்ப்பு இருக்கு. ஆனா இன்னொருத்தர் குறுக்க மருந்து கொடுத்தா இது பிழைக்காது. ஒரே வீடு, ஒரே கை. அதுக்கு வழி பண்ணுங்க."

வீட்டுக்கு வந்தபோது கணவர் கைகழுவிக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

"மேல அவங்க பூனையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்களா?"

துண்டை எடுத்துத் துடைத்தார், விரல் விரலாக.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"தம்பி சொன்னான். உதட்டுல புண்ணாம், ஊசி போட்டாங்களாம்."

"எப்போ சொன்னார்?"

"அப்பவே. முதல்ல வந்தப்பவே. அப்புறமும் போட்டாங்கன்னு சொன்னான். மாத்திரையும் உண்டு போல."

"நாமளும் போடறோம்னு நீங்க சொன்னீங்களா?"

"வீட்டுப் பேச்சு கடையில வேணாம்னு..."

"சரி. என்கிட்ட ஏன் சொல்லல?"

"அது கடையில பேசினது" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது. பத்து வயதுப் பிள்ளையென்றால் இரண்டு வைக்கலாம். இவர் தலை நரைத்த மனிதர், கண்ணாடியில் ஒரு மயிரிழை விரிசலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவர். தம்பியும் அண்ணனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் ஊசி போட்டதைக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் தன் வீட்டு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை வரக்கூடாதாம். அந்தச் சமாதானம் பூனையின் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறியிருக்கிறது.

"நீங்க சொன்ன 'ம்'முக்கு ஒரு உயிர் போகப் போகுது" என்று சொல்லிவிட்டு, கூடையோடு படியேறினேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வந்து உடை மாற்றக்கூட இல்லை, மார்புப் பக்கம் ஏதோ பிள்ளை துப்பிய கஞ்சிக் கறை. என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"பஞ்சுவுக்கு என்ன ஆச்சு?" என்றாள். அத்தனை நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"என்ன ஆச்சா? நீ என்னென்ன கொடுத்தேன்னு சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்."

சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அலமாரியில் அதே வெள்ளை மாத்திரை, அதே அட்டை. இவள் காட்டிய வேறொரு டாக்டர் தினமும் ஒன்று கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு இடத்திலும் ஊசி. புண் சீக்கிரம் ஆறியதைப் பார்த்து, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

"நீங்க கொடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதே அக்கா" என்றாள்.

"எப்படித் தெரியும்? இந்த வீட்டுல யாரு யாருக்கு என்ன சொல்லியிருக்கீங்க? மறைச்சு வச்சே பழகினவங்கதானே எல்லாரும்."

அது பூனையைப் பற்றியது மட்டுமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் இந்த முறை அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகவில்லை.

"நீங்க ஒரு தடவை மேல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். "அதுக்கும் சரி, இதுக்கும் சரி."

வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் நான். அன்று கீழே பார்த்தேன். தரையில் துரையின் தட்டு. எவர்சில்வர்.

"தட்டு மாத்தினியா?"

"பிளாஸ்டிக் சிலதுக்கு ஒத்துக்காதுன்னு எங்க டாக்டர் சொன்னார். அப்பவே மாத்திட்டேன். நீங்க?"

என் வீட்டில் பச்சை நிறப் பிளாஸ்டிக் கிண்ணம். குட்டியாக வந்த நாளிலிருந்து அதேதான். ஓரம் முழுக்கப் பல் பட்டுச் சுரண்டியிருக்கும். என் டாக்டர் சாப்பாட்டைச் சொன்னார், நான் தனித் தீனி போட்டேன். இவள் டாக்டர் தட்டைச் சொன்னார், இவள் தட்டை மாற்றிவிட்டு அதில் மீனை வைத்தாள். ஆளுக்குப் பாதி வைத்தியம். அவன் பாவம், இரண்டு வீட்டிலும் மிச்சப் பாதியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்து கடைவீதி டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் கூடை எங்கள் நடுவில் இருந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யார் வீட்டுல இருக்கப் போகுது?" என்று மட்டும் கேட்டார். "குறைஞ்சது சில மாசம் வெளிய விடக்கூடாது. இன்னொரு வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது."

இதில் கேட்க என்ன இருக்கிறது, என் வீட்டில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உதவியாளர் பெண் ஊசியைக் கையில் கொடுத்து, போட்டுக் காட்டுங்கள் என்றாள். முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். ஊசி பிடித்தே வயசான கை இது. இருட்டில்கூட நூல் கோத்துவிடுவேன். துரையின் தோலைத் தூக்கிப் பிடித்தேன். அவன் திரும்பிச் சீறினான். என் கை வந்தாலே வலிதான் என்று அவனுக்குப் பழகிவிட்டது. துண்டில் சுற்றி, இறுக்கி, தாடையைப் பிளந்து, அன்பாகத்தான் செய்தேன். அவனுக்கு அது எப்படித் தெரியும்.

ஊசியை அவள் வாங்கினாள். அவன் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தோலைத் தூக்கினாள், போட்டாள், முடிந்தது. அவன் அசையவில்லை. பிறகு டாக்டர் கேட்டார் என்று உதட்டைத் தூக்கிக் காட்டினாள். துரை அவள் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு வாயை விட்டுக்கொடுத்தான். என்னிடம் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. என் மகளும் இப்படித்தான் இவளிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. பொறாமையாக இருந்தது. பொய் சொல்வானேன், அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

"அவ வீட்டுலயே இருக்கட்டும்" என்றேன்.

"அக்கா, நான் கீழ வந்து ரெண்டு வேளையும் போட்டுட்டுப் போறேனே" என்றாள் அவள்.

"ஒரே வீடுன்னு சொல்லிட்டார்ல. நீ மத்தியானம் இல்லாதப்ப நான் ஏதாவது ஊட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

தீனிப் பொட்டலத்தை மேலே கொடுத்தேன். பச்சைக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டேன். வேலைக்குப் போகும்போது அவள் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். அவன் தாவிக் குதிக்கிற சத்தம் கூரை வழியாக எப்போதாவது கேட்கும். கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போதெல்லாம் துணியில் முடி இல்லை, வேலை சீக்கிரம் முடிகிறது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. கணவர் தினமும் தானாகவே வந்து, தம்பி கடையில் இன்னது சொன்னான் என்று ஒப்பிக்கத் தொடங்கினார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மாத்திரை பாதியாம். மாத்திரை குறைந்ததும் உதட்டில் மறுபடி சிவப்பு தெரிகிறதாம். அது வரும், போகும், அதோடு வாழப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டுக்கொண்டேன். அவரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. வாசலில் சுரண்டுகிற சத்தம். எனக்கு அந்தச் சுரண்டல் தெரியாதா. மேலே யாரோ கதவை ஒழுங்காகச் சாத்தவில்லை.

ஓடிவந்து கதவில் கை வைத்தேன். மறுபக்கம் அவன் கத்தினான். பசிக்கிறது என்றால் ஒரு மாதிரி கத்துவான், உள்ளே விடு என்றால் வேறு மாதிரி. இது இரண்டும். கதவின் கீழ் இடுக்கில் ஒரு கால் உள்ளே வந்து தரையைத் துழாவியது. மெலிந்திருந்தது. குனிந்து அந்தக் காலை ஒரு விரலால் தொட்டேன். உடனே கத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். திறக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டான்.

திறந்து தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். தூக்கினால் மேலே போக மாட்டேன். ஒரு துண்டு கோழிதானே என்பேன், ஒரு மணி நேரம்தானே என்பேன், இன்று ஒரு நாள்தானே என்பேன். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"இந்தாம்மா. இவன் இங்க வந்து நிக்கறான். வந்து தூக்கிட்டுப் போ."

படியில் அவள் ஓடிவரும் சத்தம். அவனைத் தூக்குகிற சத்தம். அவன் உறுமினான், கதவை விட மாட்டேன் என்று நகத்தால் பிடித்துக்கொண்டான் போலிருக்கிறது.

"அக்கா, ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் வெளியே.

"வேணாம். காலைல சாப்பிட்டானா?"

"கொஞ்சம்."

"ஊசி?"

"போட்டாச்சு. உங்களைத்தான் தேடறான் அக்கா. எப்பவும் கதவுகிட்டயே உக்காந்திருக்கான்."

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள். அவன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

"நீ மேல போம்மா" என்றேன். "நின்னா திறந்துடுவேன்."